வீட்டு மின்பெட்டியில் காணத்தகும் குற்றங்கள்



கொட்டகலையைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. இம்மலைநாட்டு அருவிகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாடு முழுமைக்கும் ஒளியூட்டலாம் என்பதை 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா ஆய்வுரை ஒன்றின் வாயிலாக எடுத்துக்காட்டினார். அக்கனவு நனவாகி, இலக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 ஆம் ஆண்டில். நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயரைத் தாங்கிய நிலையம் 1965 இல் எழுந்தது. நமக்கு அண்மையிலுள்ள தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் நிறைவுற்றது. ஆயினும், இவ்வாறுகளின் கரையிலே வாழ்ந்த தோட்ட மக்களின் லயன் அறைகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிந்தி வந்த விருந்தாளியாகிய மின்சாரத்தை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். அதன் குணத்தை அறிந்துகொண்டோமா என்பதே இன்றைய வினா.

நான் பொறியியலாளன் அல்லன். கலைத்துறையில் பட்டம் பெற்று, ஆசிரியனாய்ப் பணி தொடங்கி, இன்று அதிபராய் இருப்பவன். இப்பொருளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் என் பழைய மாணவர் ஒருவர்.

நிகழ்ந்தது இதுதான். எங்கள் வீட்டின் முன்னறையில் மார்கழிக் குளிருக்காக மின்கணப்பு ஒன்றை வைத்திருந்தோம். அதே சுற்றில் கேத்தலையும் போட்டால் சில நிமிடங்களில் பிரேக்கர் விழுந்துவிடும், வீடு இருளும். இது தொல்லையாயிருக்கிறதே என்று ஒருவரை அழைத்தோம். அவர் 10 அம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 அம்பியர் பிரேக்கரைப் பொருத்திச் சென்றார். அதன்பின் அது ஒருநாளும் விழவில்லை. நாங்களும் நிம்மதியாயிருந்தோம்.

சில மாதங்களின் பின், திருமண அழைப்பிதழுடன் வந்த அம்மாணவர், மின்பெட்டியருகே நின்று மூக்கைச் சுருக்கினார். "சேர், ஏதோ தீயுற வாசம் வருதே?" என்றார். அவர் மின்வேலை கற்றுத் தேர்ந்தவர். பிரதான ஆளியை நிறுத்தி, சோதித்துப் பார்த்து, மூடியைத் திறந்து காட்டினார். பிரேக்கரிலிருந்து புறப்பட்ட கம்பியின் உறை கருகி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதற்கு இரண்டடி மேலே பரண். பரணில் காய்ந்த தேயிலைமார் விறகு. "பிரேக்கர் விழாம இருந்ததுதான் சேர் இங்க பிழை" என்றார் அவர். அச்சொல்லை நான் மறக்கவில்லை.

பிரேக்கர் எனப்படும் சுற்றுடைப்பான் எதனைக் காக்கிறது என்பதை நம்மிற் பலர் அறியோம். அது கேத்தலையோ வானொலியையோ காப்பதற்கு வைக்கப்பட்டதன்று. சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பதற்கு வைக்கப்பட்டது. நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ற்று. 2000 உவாற்றுக் கேத்தல் ஒன்று இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 அம்பியர். அதே அளவுள்ள கணப்பையும் உடன் இயக்கினால் 17.4 அம்பியர் ஆகும். விளக்குகளுக்கென இடப்படும் ஒரு சதுர மில்லிமீற்றர் கம்பி, அதாவது கடைக்காரர் 1/1.13 என்று கூறும் கம்பி, இச்சுமைக்கு உரியதன்று. மேலும், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 10 அம்பியரில் தோன்றும் வெப்பத்தைப் போல 17.4 அம்பியரில் தோன்றுவது சற்றொப்ப மூன்று மடங்கு. சாதாரணப் பி.வி.சி. உறை 70 பாகை செல்சியசு வரைதான் தாங்கும். பழைய பிரேக்கர் விழுந்து விழுந்து எங்களை எச்சரித்தது. நாங்களோ எச்சரித்தவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.

ஆகவே மின்பெட்டியில் முதலாவதாகக் காணவேண்டியது, பிரேக்கரின் அளவும் கம்பியின் அளவும் பொருந்துகின்றனவா என்பதே. விளக்குச் சுற்றுக்கு 6 அல்லது 10 அம்பியர் பிரேக்கரே முறை. பிரேக்கரின் முகத்தில் பொறித்துள்ள எண்ணை மூடியைத் திறவாமலே படிக்கலாம். விளக்குச் சுற்றில் 20, 32 போன்ற எண்களைக் கண்டால் உடனே வினவவேண்டும். பழைய வீடுகளில் உருகிகள் இருப்பின், அவற்றில் உரிய உருகுகம்பிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பதும் இதே குற்றமாம்.

இரண்டாவது, டிரிப் சுவிட்ச் உண்டா என்பது. இதன் வேலையை விளக்க நம் தோட்டத்து வழக்கம் ஒன்றே போதும். மலையில் நிறுத்தனுப்பிய கொழுந்தைத் தொழிற்சாலையில் மீண்டும் நிறுக்கிறார்கள். அங்கு குறைந்தால், வழியில் எங்கோ சிந்தியது என்பது தெளிவு. அவ்வாறே டிரிப் சுவிட்ச், உயிர்க்கம்பி வழியே சென்ற மின்னோட்டத்தையும் நடுநிலைக் கம்பி வழியே திரும்பிய மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ, கண்ணிமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டிக்கிறது. சிந்திய அந்த மின்சாரம் ஒரு குழந்தையின் உடல் வழியே நிலத்துக்குச் சென்றிருக்கலாம் அல்லவா? மனிதன் இறப்பதற்கு ஓர் அம்பியரின் நூற்றில் சில பங்கே போதும். 10 அம்பியர் பிரேக்கருக்கு அது கண்ணிற் படாத சிறு தொகை. எனவே, பிரேக்கர் இருக்கிறதே என்று டிரிப் சுவிட்சை விட்டுவிடுதல் பெரும் பிழை.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக டிரிப் சுவிட்சை விலக்கிக் கம்பிகளை நேரே இணைத்துவிடுவோரும் உளர். மழைக்காலத்தில் அது விழுமாயின், எங்கோ ஈரம் கம்பியை எட்டிவிட்டது என்பதே பொருள். அந்த இடத்தைத் தேடிச் சீர்செய்ய வேண்டுமேயன்றி, செய்தி சொன்ன கருவியை அகற்றலாகாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானைப் பாடசாலைத் தவணை தொடங்கும்போதெல்லாம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும், விழாவிடில் அது பழுதுற்றது. எனினும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. ஒருவர் உயிர்க்கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருங்கே பற்றினால், சென்றதும் திரும்பியதும் சமமாகிவிடுமாதலின், அது அறியாது. மிகைச்சுமையையும் அது தடுக்காது. இரு காவலும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, புவிக்கம்பி. பச்சையும் மஞ்சளும் கலந்த உறையுடைய கம்பி பெட்டியிலிருந்து புறப்பட்டு, வீட்டுக்கு வெளியே நிலத்தில் புதைத்த கோலில் சென்று சேரவேண்டும். பழைய வீடுகளில் இது தனிப்பச்சையாய் இருக்கும். எத்தனையோ வீடுகளில் கோலும் கம்பியும் இருக்கும். இரண்டையும் இணைக்கும் பற்றி துருவேறிக் கழன்றிருக்கும். வெளியே சென்று கண்ணால் பார்த்தாலே இதனை அறியலாம். நம் மலைச்சரிவுகளில் சிறிது தோண்டினாலே பாறை தட்டுகிறது. பாறையின் மேல் சாய்த்து வைத்த கோல் பெயரளவுக்கே பயன்படும். ஈரம் தங்கும் ஆழ்ந்த மண்ணில் அது இறங்கவேண்டும். அதன் தடையைக் கருவி கொண்டு அளந்தறிய வேண்டும்.

நான்காவது, பெட்டியின் இடமும் நிலையும். கூரை ஒழுகும் சுவரிலும், அடுப்புப் புகை படியும் மூலையிலும், விறகும் துணியும் அடுக்கிய இடத்திலும் அது இருத்தல் தகாது. மூடியில் பிரேக்கர் இல்லாத வெற்றிடங்கள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பல்லியும் கரப்பானும் குழந்தையின் விரலும் அவ்வழியே நுழையும். பெட்டியில் சூடு, நிறமாற்றம், 'சிர்' என்ற ஒலி, கருகிய வாசம் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினும், உள்ளே ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். ஒரே திருகாணியின் கீழ்ப் பல கம்பிகளைத் திணிப்பது இதற்கு ஒரு காரணம்.

ஐந்தாவதாகக் கூறப்போவது நம் லயன்களுக்கே உரியது. ஒரு வீட்டின் பெட்டியிலிருந்து மெல்லிய கம்பியொன்றைத் தகரக் கூரையின் மேலாக இழுத்து, அடுத்த வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதன் பின்னுள்ள அன்பை நான் குறை கூறேன். இணைப்புப் பெற வழியற்ற அயலாரின் நிலையையும் நான் அறிவேன். ஆயினும் தகரத்தின் விளிம்பு நாளடைவில் கம்பியின் உறையை அறுக்கும். அறுந்தால் கூரை முழுவதும் மின்னேறும். லயனில் ஒரு கூரையின் கீழே பல குடும்பங்கள். ஓர் அறையில் பற்றிய தீ மற்றவற்றைத் தனித்து விடுவதில்லை. மலையகத்தில் லயன்கள் எரிந்த செய்திகளை நாம் எத்தனை முறை கேட்டோம்! உடைமைகளுடன் பிள்ளைகளின் புத்தகங்களும், பிறப்புச் சான்றிதழ்களும் சாம்பலாகின்றன. அத்தகைய செய்திகளில் பெரும்பாலும் 'மின்னொழுக்கு' என்ற ஒரே சொல் காரணமாய்க் கூறப்படுகிறது. ஆனால் மின்னொழுக்கு வேறு, மிகைச்சுமை வேறு, தளர்ந்த இணைப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் உரிய காவலைப் பெட்டியிலேயே தேடவேண்டும்.

உலகில் மின்வயரிங்குக்கென வகுக்கப்பட்ட மிகப் பழைய விதித்தொகுப்புகளுள் ஒன்று 1882 இல் இலண்டனில் வெளியாயிற்று. மின்விளக்கினால் நேரும் தீயைத் தடுப்பதற்கான விதிகள் என்பதே அதன் பெயர். அதன் வழிவந்த விதிகளையே நம் நாட்டு வயரிங் முறையும் தழுவி வந்துள்ளது. இவ்விதிகள் அலுவலர் நம்மைத் தண்டிப்பதற்காக எழுந்தவையல்ல. எரிந்த வீடுகளிலிருந்து கற்ற பாடங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நான் கூறியவற்றுள் எண்ணைப் படித்தல், பொத்தானை அழுத்துதல், முகர்தல், வெளியே கோலைப் பார்த்தல் ஆகியவையே நாம் செய்யத்தக்கவை. மூடியைத் திறப்பது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. பிரதான ஆளியை நிறுத்திய பின்னரும், மின்மானியிலிருந்து அந்த ஆளி வரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், மறவாதீர்கள்.

என் வீட்டில் இப்பொழுது கணப்புக்குத் தனிச்சுற்று உண்டு. விளக்குச் சுற்றில் மீண்டும் 10 அம்பியர் பிரேக்கர். விறகைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். சென்ற தவணையில் பாடசாலை மின்பெட்டியையும் அம்மாணவரே வந்து சோதித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நாளைக் காலை, வெளிச்சமுள்ள வேளையில், நீங்களும் உங்கள் வீட்டுப் பெட்டியின் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.