28 அடி வீடும் ஒரு பி.காம். மெக்கானிக்கும்

‘உனக்கென்னப்பா... அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீட்டில் ஊர் ஊராகச் சுற்றுகிறாய்!’ என்று நண்பர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களுக்காகவே ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை இங்கே ஒப்படைக்கிறேன். வேண்டுமானால் வைத்துக் கொள்ளட்டும்.

முதலில் வீடு. நீளம் 28 அடி, அகலம் 8 அடி. டிராவல் டிரெய்லர் என்று பெயர். பிக்-அப் டிரக்கின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகலாம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உண்டு. ஒருவர் குனிந்தால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சிரமம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் மூன்று பேரோடு நாலு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது அரண்மனை!

என் மனைவி நர்ஸ். அதிலும் ‘டிராவல் நர்ஸ்’. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையோ அங்கே ஒப்பந்தம். பெரும்பாலும் 13 வாரம். அந்த 13 வாரத்துக்கு எவன் நமக்கு வீடு தருவான்? ஆகவே வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறோம். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘நோமேட்லேண்ட்’ பார்த்தவர்களுக்கு இந்த ரக ஜனங்களைத் தெரிந்திருக்கும். அவள் சம்பாதிக்கிறாள். நான் எழுதுகிறேன், சமைக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன், ரிப்பேர் பார்க்கிறேன். கடைசி இலாகா பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பி.காம்.

அப்போது டெக்சாஸின் வடக்குக் கோடியில், அமரில்லோ ஊரில் முகாம். அங்கே ஊருக்கு வெளியே பத்து கெடிலாக் கார்களை மூக்குப் புதையத் தரையில் நட்டு வைத்திருக்கிறார்கள். 1974-ல் ஒரு கலைஞர் குழு செய்த வேலை. அன்று மத்தியானம், பதினோராவதாக எங்கள் டிரெய்லரையும் நட்டுவிடலாமா என்று நான் யோசித்தது நிஜம்.

காலை 6 மணி. குளிர் தாங்காமல் விழித்தேன். வெளியே ஃபாரன்ஹீட் 14. நம் கணக்கில் மைனஸ் 10. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் ‘ர்ர்ர்...’ என்று சோம்பலாகச் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி சுற்றியது. நின்றது. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. தண்ணீர் ஹோஸ் உறைந்து இரும்புக் கம்பியாகியிருந்தது. விளக்கு வேறு மங்கல். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

பல்லைத் தேய்க்காமலே ஒரு காபியைப் போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

7.45-க்கு அவள் நைட் டியூட்டி முடித்து வந்தாள். 12 மணி நேரம் ஐ.சி.யு.வில் நின்ற கால்கள். அன்றிரவு 7 மணிக்கு மறுபடி டியூட்டி.

“என்னங்க, வீடு இப்படி ஜில்லுனு இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நீ தூங்கு. எழுந்திருக்கறப்ப எல்லாம் சரியாயிடும்.”

சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டரைக் கட்டில் பக்கம் வைத்தேன். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். சத்தமில்லாமல் ரிப்பேர் பார்க்க வேண்டும். அதுதான் அன்றைய சவால்.

என் முதல் முடிவு: கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டரைக் கழற்றி, டிரக்கில் ஏற்றி, ஆறு மைல் போனேன். நிரப்புகிறவன் எடை போட்டுப் பார்த்துவிட்டு, “சார், இது முக்கால்வாசி இருக்கே?” என்றான். அசட்டுச் சிரிப்புடன் திரும்பினேன்.

இரண்டாவது முடிவு: ஹேர் டிரையரால் ஹோஸை உருக்குவது. வெளியே நின்று ஸ்விட்சைப் போட்ட ஒரே நிமிஷத்தில் ‘டப்’! ஹீட்டர் 1500 வாட், டிரையர் 1500 வாட். இரண்டும் ஒரே சர்க்யூட்டில். ஆளுக்குப் பன்னிரண்டரை ஆம்பியர் கேட்டால் 15 ஆம்பியர் பிரேக்கர் என்ன செய்யும்? படுத்துக்கொண்டது. உள்ளே ஹீட்டரும்தான். அவள் எழுந்துவிட்டாள்.

“ஒண்ணுமில்ல, நீ தூங்கு.”

ஹீட்டரை வேறு பிளக்குக்கு மாற்றினேன். பதினொரு மணிக்கு ஹோஸ் இளகியது. வெற்றி! தண்ணீரைத் திறந்தேன். சிங்க்குக்கு அடியில் உறைந்து வெடித்திருந்த பிளாஸ்டிக் எல்போ, கும்பகோணம் மகாமகம் மாதிரி எல்லோருக்கும் தீர்த்தம் கொடுத்தது. வாளி உருண்டது. நான் கத்தினேன். அவள் மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

ரிப்பேர்காரருக்கு போன் போட்டேன். “வெள்ளிக்கிழமை வர்றேன். வந்து பார்க்கவே 150 டாலர்.” வைத்துவிட்டேன்.

மணி ஒன்றரை. அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நேத்து ராத்திரி மூணு மணிக்கு ஒரு ஊசி மருந்தை அளக்கறப்போ கண்ணு சொருகிச்சு. திரும்பத் திரும்ப மூணு தடவை சரி பார்த்தேன். இன்னிக்கும் தூங்காம போனா, சரி பார்க்கணும்ங்கிறதே ஞாபகம் இருக்காதுங்க. அங்க படுத்திருக்கறது யாரோ ஒருத்தரோட அப்பா.”

எனக்கு ஈரச் சட்டையோடு உள்ளுக்குள்ளும் குளிர்ந்தது. இதுவரை இதை என் ஃபர்னஸ், என் ஹோஸ், என் மானப்பிரச்னை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெட்கத்தை விட்டுப் பக்கத்து டிரெய்லர் கதவைத் தட்டினேன். ரிடையரான லாரி டிரைவர், எழுபது வயதிருக்கும். அவர் மனைவி முழுக் கதையும் கேட்கவில்லை. நேரே வந்து, “வா பொண்ணே, எங்க படுக்கை சூடா இருக்கு” என்று இவளைக் கையோடு அழைத்துப் போனார். இரண்டே நிமிஷம். காலையிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாம்தான் ஆம்பிளை ஆயிற்றே!

பெரியவர் வந்தார். முதல் கேள்வி: “காலையில காபி போட்டியா?”

“போட்டேன்.”

“அப்ப கேஸ் இருக்கு.”

ஆறு மைல் போய் நான் கண்டுபிடித்ததை அவர் காபியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு விளக்கினார். ஃபர்னஸுக்குள் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. விசிறிக் காற்று வேகமாக அடித்து அதைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும், தீப்பொறி வரும். காற்று போதாவிட்டால் கேஸ் திறக்காது. பாதுகாப்புக்கான ஏற்பாடு. விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். மீட்டரை வைத்தார். பத்தரை வோல்ட்!

“வெளி கரண்ட்டை வாங்கி பேட்டரியை சார்ஜ் பண்ற கன்வர்ட்டர் இருக்கே, அதைத் திற.” திறந்தேன். இரண்டு ஃப்யூஸும் கருகியிருந்தன.

“இது தானா போகாது. பேட்டரியை யாராவது மாத்திக் கொடுத்தாத்தான் போகும். நேத்து யாராவது தொட்டீங்களா?”

தொட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் டெர்மினலைச் சுத்தம் செய்தவன் அடியேன்தான். காரில் கறுப்பு ஒயர் மைனஸ் என்று படித்த ஞாபகத்தில் மாட்டினேன். ஒரு பொறி பறந்தது. அவசரமாக மாற்றிப் போட்டேன். விளக்கு எரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் டிரெய்லரில் 12 வோல்ட் கறுப்பு ஒயர்தான் பிளஸ், வெள்ளைதான் மைனஸ்! ராத்திரி முழுக்க ஃபர்னஸ் பேட்டரியில் இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டு, விடியற்காலையில் கைவிரித்திருக்கிறது.

பி.காம். படித்தவன் பற்றை வரவில் எழுதியிருக்கிறேன். கணக்கு எப்படி டாலியாகும்?

கடைக்கு ஓடி இரண்டு 30 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு எல்போ வாங்கி வந்தேன். பத்து டாலருக்குள் முடிந்தது. நாலரை மணிக்கு விசிறி ‘விர்ர்’ என்று எழுந்தது. டிக், டிக், டிக்... ‘ஃபூம்!’ இளையராஜா பின்னணி இசைகூட அன்று எனக்கு அவ்வளவு இனித்திருக்காது.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். நாலு மணி நேரத் தூக்கம். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

“என்னதான் ரிப்பேராம்?”

ஃப்யூஸ் பழசு என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

ஒரு நிமிஷம் பார்த்தாள். “பொறி பறந்தப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில தப்பு பண்றவங்களை நாங்க திட்டறதில்ல. மறைக்கறவங்களைத்தான்...”

மேலே சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, “பெரியவருக்கு நாளைக்கு சாம்பார் கொடுத்தனுப்புங்க. காரம் கம்மியா” என்றாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஃபர்னஸ் ஒவ்வொரு தடவை ‘டிக்’ என்னும்போதும் எழுந்து பார்த்தேன். இப்போது பேட்டரிப் பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘கறுப்பு: பிளஸ்.’

கீழே அவள் கையெழுத்தில் இன்னொரு வரி: ‘பொறி பறந்தால் உடனே போன் செய்யவும்.’