சம்பளம் வாங்காத மலை ஆசான்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1906இல் தொடங்கிய ‘மவுண்டனியர்ஸ்’ சங்கம், 1930களின் நடுவிலிருந்து புதியவர்களுக்கு மலையேற்றம் கற்றுத் தருகிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள், பலர் அங்கேயே படித்துத் தேறியவர்கள். உயிரோடு விளையாடும் கலையை ஊதியமில்லாதவர்களிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால், மலையில் காப்பாற்றுவது ஆசிரியரின் சம்பளமல்ல, மாணவரின் பழக்கம். பனிச்சரிவில் சறுக்கியவர் நொடியில் குப்புறத் திரும்பி, பனிக்கோடரியின் கூர்முனையைத் தோளருகே குத்தி, மார்பின் பாரத்தை அதன்மேல் அழுத்த வேண்டும். மல்லாந்து விழுந்தாலும் தலைகீழாகச் சரிந்தாலும் கை தானாக இதைச் செய்யும்வரை, ஆபத்தில்லாத சரிவில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். பக்கத்தில் நின்று திருத்த நிறையப் பேர் தேவை. அத்தனை பேருக்கும் கூலி கொடுத்தால் கட்டணம் சாமானியருக்குக் கட்டுப்படியாகாது.

தன்னார்வலர்களின் தரம் ஆளுக்கு ஆள் மாறுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதற்கு மருந்து, எல்லோருக்கும் பொதுவான பாடம். சங்கம் 1960இல் வெளியிட்ட ‘ஃப்ரீடம் ஆஃப் தி ஹில்ஸ்’ பாடநூல், பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தொழில்முறை வழிகாட்டிக்கு வேறு இடமுண்டு: அவர் நம்மை உச்சிக்கு அழைத்துப் போவார். இந்த வகுப்போ, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்கப் பழக்குகிறது.