இலவசமாகக் கொடுத்தாலும் உருளைக்கிழங்கு வேண்டாம்! - பணக்கார பிரிட்டனின் பசிக் கதை

சும்மா கிடைக்கும் உருளைக்கிழங்கை யாராவது வேண்டாம் என்பார்களா? பிரிட்டனில் சொன்னார்கள். 2022-ல் மின்சாரமும் கேஸும் தாறுமாறாக விலை ஏறியபோது, உணவு வங்கிக்கு வந்த சிலர் உருளைக்கிழங்கு, கேரட் போன்றவற்றை வாங்க மறுத்தார்கள். அவை வேக நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் அடுப்பை எரியவிட்டால் கட்டுப்படியாகாது. ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் தலைவரே இதை வெளியில் சொல்ல, நாடு முழுக்கப் பேச்சானது.

இப்படிப்பட்டவர்களுக்காகச் சில உணவு வங்கிகளில் ‘கெட்டில் பாக்ஸ்’ உண்டு. வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சூப், நூடுல்ஸ் வகையறா. அதற்கும் வழியில்லாதவருக்கு, சூடுபடுத்தாமல் அப்படியே சாப்பிடக்கூடிய ‘கோல்டு பாக்ஸ்’. உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றான நாட்டில்தான் இது!

பேர்தான் வங்கி

உணவு வங்கி என்ற யோசனை பிறந்தது அமெரிக்காவில். 1967-ல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஆரம்பித்தார். கடைகளின் குப்பைத் தொட்டியில் நல்ல உணவைத் தேடி எடுத்துக் குழந்தைகளை வளர்த்த ஒரு தாய்தான் அவருக்குப் பொறி தட்ட வைத்தார் என்பார்கள். மிச்சமாவதை ஓரிடத்தில் ‘டெபாசிட்’ செய்யட்டும், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளட்டும்; அவ்வளவுதான் கணக்கு.

பிரிட்டனின் மிகப் பெரிய உணவு வங்கி அமைப்பான டிரஸ்ஸல், 2000-ல் சால்ஸ்பரி நகரில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கியது. இங்கே பொதுவாக, பசிக்கிறது என்று நேராகப் போய் நின்றுவிட முடியாது. டாக்டர், பள்ளி, சமூகப் பணியாளர், ஆலோசனை மையம் என யாராவது பரிந்துரைத்து வவுச்சர் தர வேண்டும். அதைக் கொடுத்தால் மூன்று நாளுக்கான பொருள்கள் கிடைக்கும். பாஸ்தா, அரிசி, டின்னில் அடைத்த பீன்ஸ், தக்காளி, மீன், டீத்தூள், கெடாத பால், பிஸ்கட். கூடவே சோப்பு, நாப்கின், டயாபர் தருவதும் உண்டு.

2010-11-ல் டிரஸ்ஸலின் உதவி பெற்றவர்கள் சுமார் 61,000 பேர். 2023-24-ல் அது கொடுத்த பொட்டலங்கள் 31 லட்சத்துக்கும் மேல். அவற்றில் 11 லட்சத்துக்கும் அதிகமானவை குழந்தைகளுக்கு. ஒருவரே மூன்று முறை வந்தால் மூன்றாக எண்ணுவார்கள் என்பது உண்மைதான். ஆனால், மற்ற அமைப்புகள் நடத்தும் உணவு வங்கிகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

வேலைக்குப் போகாதவர்கள்தானே வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். சம்பளம் வாங்குகிறவர்களும் வருகிறார்கள். வாடகையும் கரன்ட் பில்லும் எடுத்துக்கொண்ட பிறகு, வீட்டுச் செலவில் கைவைக்க முடிந்த ஒரே இடம் சாப்பாடுதான். வேலை போனவருக்கு அரசின் ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகை இருக்கிறது. முதல் தொகை வர சுமார் ஐந்து வாரம் ஆகும். முன்பணம் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது கடன், பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

வயிறு நிறையும், சத்து?

டின் உணவு கெட்டுப்போகாது, சேமிக்க எளிது. அதனால்தான் பொட்டலத்தில் அது அதிகம். சர்க்கரை நோயாளிக்கும் உப்பைக் குறைக்க வேண்டியவருக்கும் அதுவே சிக்கல். கடையில் வாங்கலாம் என்றாலோ, அதே அளவு கலோரிக்குச் சத்தான உணவின் விலை, மற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறது ‘ஃபுட் ஃபவுண்டேஷன்’ அமைப்பின் ஆய்வு. உடல் பருமனும் சத்துக்குறைவும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே உடம்பில் இருப்பதன் ரகசியம் இதுதான். குண்டாக இருப்பவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தப்பு!

மாற்று வழிகளும் முளைத்திருக்கின்றன. சில ஊர்களில் ‘பேன்ட்ரி’ எனும் உறுப்பினர் கடைகள் உண்டு. வாரம் சில பவுண்டுகள் கட்டினால், அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பொருள்களை அலமாரியிலிருந்து தாங்களே பார்த்து எடுக்கலாம். யாரோ கட்டிவைத்த பையை வாங்கி வருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள கர்ப்பிணிகளும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் பால், பழம், காய்கறி வாங்க இங்கிலாந்து அரசு ‘ஹெல்தி ஸ்டார்ட்’ கார்டு தருகிறது.

இனி உணவு வங்கிகளே தேவைப்படக் கூடாது என்பதுதான் தன் லட்சியம் என்கிறது டிரஸ்ஸல். கனடாவிலும் இப்படித்தான். அந்நாட்டின் முதல் உணவு வங்கியை 1981-ல் எட்மன்டன் நகரில் தற்காலிக ஏற்பாடாகத்தான் திறந்தார்கள். அது இன்னும் மூடப்படவில்லை.