ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த பேறுகாலக் குறிப்புகள்

பிரசவ அறையில் குழந்தையின் எடையை ஏட்டில் எழுதும் செவிலியர், அரை நூற்றாண்டு கழித்து அந்த எண்ணை ஒருவர் தேடி வருவார் என எண்ணுவதில்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அதுவே நிகழ்ந்தது.

அந்நகரின் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ், பல்கலைக்கழக மாணவர்கள் பயின்ற பெரிய மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்துத் தடைபட்டது. 1944 டிசம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஒருவருக்கான அன்றாட உணவுப் பங்கீடு 400 முதல் 800 கலோரியாகச் சுருங்கியது. பட்டினியால் பல்லாயிரவர் மாண்டனர். அந்நாட்களிலும் கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு வந்தனர். தாயின் கடைசி மாதவிடாய் நாள், தாயின் எடை, குழந்தையின் எடை, தலைச் சுற்றளவு யாவும் வழக்கம்போல் எழுதப்பட்டன.

அந்த ஏடுகள் அழியாமல் காக்கப்பட்டன. 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை அங்கே பிறந்த 2,414 பேரை ஆய்வாளர்கள் அவற்றின் துணையால் இனங்கண்டனர். அவர்களுள் பலரை ஐம்பது வயதளவில் அழைத்துப் பரிசோதித்தனர். பஞ்ச காலத்தில் கருவில் இருந்தவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருப்பதை 1998இல் வெளியிட்டனர். கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. பஞ்சம் தொடாதவர்களில் அது 3.2 விழுக்காடே என்பது 2000இல் வெளிவந்தது.

தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளான அக்குழந்தைகள் எடை குறைந்து பிறக்கவில்லை. எடையை மட்டும் நோக்கியிருந்தால் எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். பிறந்த நாளும் கர்ப்ப காலக் கணக்கும் ஏட்டில் இருந்தமையால்தான் எம்மாதத்தில் பஞ்சம் தாக்கியது என அறிய முடிந்தது.

இதனைப் படிக்கும் தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை. அவ்வாறு பஞ்சத்துக்கு ஆளானவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்நோய் காணப்படவில்லை. கருவறைக் காலம் இடரைக் கூட்டலாம், முடிவை எழுதிவிடுவதில்லை. உணவு, நடை, உரிய காலப் பரிசோதனை ஆகியவை நம் கையில் உள்ளன.

நம் குறிப்புகளின் நிலை என்ன? இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காத்தல் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். அதற்குப் பின்னும் ஓர் ஆவணம் கிடைக்குமா என்பது அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது. ஆகவே நெடுங்காலக் காப்பாளர் நீங்களே.

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை, ஒவ்வாத மருந்துகளின் பட்டியல், கர்ப்ப காலப் பரிசோதனை அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்ட ஈசிஜி சில ஆண்டுகளில் மங்கிவிடும்; வாங்கியவுடன் நகலெடுங்கள். அதனை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் தாள் கருத்துவிடும். நெஞ்சுவலியோடு ஒருவர் வரும்போது, ஈசிஜியில் காணும் மாற்றம் புதியதா பழையதா என்பதைப் பழைய தாள் ஒன்றே எங்களுக்கு நொடியில் சொல்லிவிடும்.

வீட்டைத் துப்புரவு செய்கையில் பழைய மருத்துவக் கோப்பு கைக்கு வந்தால், அதனைப் பழைய தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது உடன் எடுத்து வாருங்கள்.