தனியே பறப்பவருக்கும் தோழர் வேண்டும்

மண்ணில் நடக்கப் பிறந்த மனிதன் விண்ணில் பறக்கும் புள்ளினத்தைக் கண்டு ஏங்கியது இன்று நேற்றன்று. எந்திரத்தின் இரைச்சலின்றி, காற்றை மட்டுமே துணையாகக் கொண்டு பறக்க வேண்டும் என்ற அந்த ஏக்கத்தை நிறைவு செய்ய வந்ததே 'ஹேங் கிளைடிங்' என்னும் விளையாட்டு. அலுமினியக் குழாய்களின் மேல் உறுதியான செயற்கை இழைத் துணியை இழுத்துக் கட்டிய பெரியதொரு சிறகு. அதனடியில் கச்சையில் தொங்கும் ஒரு மனிதர். இவ்வளவே அதன் அமைப்பு. மலைச் சரிவில் எதிர்க்காற்றை நோக்கி அவர் ஓடுகிறார். சில அடிகளில் சிறகு அவரைத் தூக்கிக்கொள்கிறது. முன்னுள்ள குறுக்குக் கம்பியைத் தம்மை நோக்கி இழுத்தால் வேகம் கூடும், தள்ளினால் குறையும். உடலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சிறகு அத்திசையில் திரும்பும்.

காண்போருக்கு இது தனி மனிதரின் வீரச் செயலாகவே தோன்றும். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின், தோழமையின்றி இவ்விளையாட்டே இல்லை என்பது விளங்கும்.

அடுக்களையில் பிறந்த சிறகு

ஜெர்மனி நாட்டு ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் ஏறத்தாழ 2000 முறை குன்றுகளிலிருந்து பறந்து காட்டினார். சிறு வயது முதல் அவருடன் ஆய்வு செய்தவர் உடன்பிறந்த தம்பி குஸ்தாவ். 1896 ஆகஸ்டு 9 அன்று காற்றின் குறுக்கீட்டால் ஓட்டோ வீழ்ந்தார். மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார்.

இன்றைய சிறகின் கதையோ ஓர் இல்லத்தில் தொடங்குகிறது. அமெரிக்கப் பொறியியலார் பிரான்சிஸ் ரொகாலோ, வளைந்து கொடுக்கும் துணிச் சிறகு ஒன்றை 1948-இல் உருவாக்க முயன்றபோது, அவருடைய துணைவியார் கெர்ட்ரூட் அம்மையார் சமையலறைத் திரைச்சீலைத் துணியை எடுத்துத் தைத்துக் கொடுத்தார். 1963-இல் ஆஸ்திரேலியாவின் கிராப்டன் நகரில் ஜான் டிக்கன்சன் என்பவர் அத்தகைய சிறகின் கீழ்க் குறுக்குக் கம்பியையும் ஊசற் கச்சையையும் பொருத்தினார். மனிதர் தம் உடலின் எடையாலேயே சிறகைச் செலுத்தும் வழி இவ்வாறு எளிதாயிற்று.

இலையுதிர் காலத்து மலைச்சாரல்

இவ்விளையாட்டின் புகழ் பெற்ற களங்களுள் ஒன்று, பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகருக்கு அருகே, ஷார்த்ரூஸ் மலைத்தொடரில் அமைந்த சேன்-திலேர் என்னும் சிற்றூர். நம் பழனி மலையின் 'விஞ்ச்' போன்ற இழுவை ரயில் ஒன்று 1924-இல் இங்கே அமைக்கப்பட்டது. காசநோயாளருக்கான மருத்துவ மனைகள் அன்று இம்மேட்டு நிலத்தில் எழுந்தன. நல்ல காற்றைத் தேடி நோயாளர் ஏறிய அதே மலைக்குப் பிற்காலத்தில் பறப்போர் காற்றைத் தேடி ஏறலாயினர்.

1974-இல் இங்கே ஹேங் கிளைடர் போட்டி ஒன்று நடந்தது. கிரேக்கக் கதையில் சிறகு கட்டிப் பறந்து கடலில் வீழ்ந்த இகாரஸின் பெயரால் 'கூப் இகார்' என வழங்கும் அது, செப்டம்பர் மாதத்துப் பெருவிழாவாக வளர்ந்தது. பிற்காலத்தில் குழாயில்லாத 'பாராகிளைடர்' பெருகியதால் ஹேங் கிளைடர்கள் அருகின, ஆயினும் மறையவில்லை.

இலையுதிர் காலம் பறப்போருக்கு இனியது. வேனிற்காலத்தில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக் காற்று முரட்டுத்தனமாக மேலெழும். செப்டம்பர், அக்டோபரில் கதிரவனின் வெம்மை தணிவதால் காற்றும் சாந்தமடைகிறது. காலையில் பள்ளத்தாக்கு மூடுபனியால் நிறைந்து பாற்கடலெனக் காட்சி தரும். பனி விலகியதும், மஞ்சளாய்ப் பழுத்த காடுகளுக்கு மேலே சிறகுகள் மிதக்கும். புறப்படும் இடத்திற்கும் கீழே லம்பேன் ஊர்ப் புல்வெளிக்கும் இடையே சுமார் 700 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. ஒரு மீட்டர் தாழ்வதற்குள் பத்து மீட்டர் முன்செல்லும் சிறகு, அசையாக் காற்றிலும் ஏழு கிலோமீட்டர் செல்லும்.

ஒரு கொக்கியும் ஒரு நண்பரும்

பறப்பவரின் உயிரைச் சிறகோடு இணைப்பது ஒரு கொக்கி. அதை மாட்ட மறந்து ஓடிப் பாய்ந்து உயிரிழந்தவர்கள் உண்டு. தேர்ந்தவர்களுக்கும் இம்மறதி நேர்ந்திருக்கிறது. ஆகவேதான், ஓடுமுன் பறப்பவர் கச்சையில் தொங்கிப் பார்க்க, நண்பர் ஒருவர் சிறகின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொக்கியையும் வார்களையும் கண்ணால் கண்டு உறுதி செய்யும் வழக்கம் ஏற்பட்டது. அரை நிமிட வேலைதான். தம் அறிவை ஐயுறுகிறார் நண்பர் என்று எவரும் சினம் கொள்வதில்லை.

காற்று வலுத்தால் முகப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பறப்பவர் சொன்னதும் அவர் கையை விட்டு விலக வேண்டும். முன்னரே விட்டாலும் தீங்கு, பிந்தி விட்டாலும் தீங்கு. இன்னொருவர் காரை மலைப்பாதை வழியே கீழே ஓட்டிச் செல்ல வேண்டும். அன்று அவருக்குப் பறக்கும் வாய்ப்பில்லை. அடுத்த நாள் அவர் பறக்க, வேறொருவர் ஓட்டுவார்.

மாலை உணவு

பகல் குறுகிய அந்நாள்களில் மாலை விரைந்து வரும். சிறகுகளை மடித்துக் கட்டியபின் நண்பர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவி, பாலும் பாலாடையும் பூண்டும் சேர்த்து மெல்லிய அனலில் நெடுநேரம் வேகவைக்கும் 'கிரத்தான்' அப்பகுதியின் சிறப்புணவு. பிந்தி வருவோருக்காகக் காத்திருக்கத் தக்க உணவு அது! அக்ரூட் கொட்டைகள் அறுவடையாவதும் அப்பருவத்திலேயே. கிரெனோபிள் அக்ரூட் 1938-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டின் பிறப்பிடச் சான்று பெற்றது.

இவ்விருந்தில் சுவையினும் மேலானது ஒன்றுண்டு. மேசையில் ஓரிடம் வெறுமையாயிருந்தால், இன்னார் இன்னும் இறங்கவில்லை என்று அனைவரும் அறிவர். உடனே தேடப் புறப்படுவர். எந்தத் திசையில் செல்கிறோம், எங்கே இறங்குவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிச் செல்வதும் அதற்காகவே. கைப்பேசியும் வானொலிக் கருவியும் வந்துவிட்ட இந்நாளிலும், ஒருவர் வரவில்லை என்பதைக் கவனிக்க ஒரு மனம் வேண்டுமன்றோ?

இதே ஷார்த்ரூஸ் மலையில்தான் 1084-இல் புனித புரூனோ தம் தோழர் அறுவருடன் கர்த்தூசியர் துறவு வாழ்வைத் தொடங்கினார். அவர்தம் திருநாளும் இலையுதிர் காலத்திலேயே, அக்டோபர் 6-ஆம் நாளில் வருகிறது. அத்துறவியர் வார நாள்களில் தத்தம் அறையில் தனியே உண்பர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெருவிழாக்களிலும் ஒன்றாய் அமர்ந்து உண்பர். தனிமையையே தவமாக ஏற்றவர்களும் பொதுப்பந்தியை அடியோடு விட்டுவிடவில்லை.

நம் இல்லங்களிலும் பறக்கத் துடிப்போர் உளர். கல்லூரிக்குச் செல்லும் மகன், முதல் வேலைக்காக அயலூர் புறப்படும் மகள் எனச் சிறகு விரிப்போரை நாம் தடுத்தல் ஆகாது. புறப்படுமுன் கொக்கியைச் சரிபார்க்கும் அன்பு நமக்கு இருக்கட்டும். அதைக் குறையாகக் கொள்ளாத பணிவு அவர்களுக்கு வாய்க்கட்டும். மாலையில் எவர் இலை வெறுமையாயுள்ளது என நோக்கி, அவர் வரும்வரை சோற்றை மூடிவைத்துக் காத்திருப்போமாக.