நாடி துடியாத நோயாளரும் மலைநாட்டு அவசர சிகிச்சையும்

நாடி பிடித்து உயிர்நிலை அறிதல் நம் முன்னோர் கண்ட முறை. கையைப் பற்றிய வைத்தியர் முகத்தை வீட்டார் அனைவரும் நோக்கியிருப்பர். துடிப்பு உண்டெனில் ஆறுதல், இல்லையெனில் அழுகுரல். ஆயினும், நாடி துடியாமலே நடந்தும் பேசியும் உண்டும் உறங்கியும் வாழும் மனிதர் இன்று உலகில் ஆயிரக்கணக்கில் உளர். இருதயத்தில் பம்பி பொருத்தப்பெற்றவர் இவர். இவர்களை அறியாதோர் உயிருள்ளவரை இறந்தவரெனக் கருதிவிடக்கூடும் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தளர்ந்துபோன இருதயத்தின் இடது கீழறையினின்று குருதியை இழுத்துப் பெருநாடிக்குச் செலுத்துவதே இப்பம்பியின் தொழில். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், உடலுக்கு வெளியே வைத்த பம்பியால் ஒரு நோயாளியின் இருதயத்துக்குச் சில நாட்கள் உதவி, அவரைப் பிழைக்கச் செய்தார். இக்காலத்துப் பம்பியோ நெஞ்சினுள்ளேயே அமைவது. அது துடிப்பதில்லை, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. குருதி இடையறாது ஓடுதலின் மணிக்கட்டில் நாடி மிக மெலிந்திருக்கும். அன்றி அறவே தோன்றாது. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் வடமொன்று, இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணையும். அதற்கு இரண்டு மின்கலங்கள் வலுவூட்டும்.

இஃது அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சிகிச்சை 2017இல் கண்டிப் போதனா வைத்தியசாலையிலேயே நிகழ்ந்தது. இத்தகைய பம்பிகளைச் சென்னை வைத்தியர்கள் பல்லாண்டாகப் பொருத்தி வருகின்றனர். இலண்டனிலும் தொரன்றோவிலும் வாழும் நம் பழைய மாணவருள் ஒருவர் பம்பியுடன் தீபாவளிக்குத் தோட்டத்து வீட்டுக்கு வருதல் வியப்பன்று. அவர் மயங்கி வீழ்ந்தால் முதலிற் காண்பவர் லயத்து அயலவர். அடுத்துத் தோட்ட மருத்துவ உதவியாளர். அதன்பின் 1990 அம்புலன்ஸ் ஊழியர். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கிய அச்சேவை இன்று நாடெங்கும் பரவியுள்ளது. ஆயினும், வளைந்தேறும் தோட்டப்பாதையில் வண்டி வந்துசேரும் வரையுள்ள நேரம் அயலவர் கையிலேயே உள்ளது.

அந்நேரத்திற் செய்யத்தக்கன யாவை? முதலாவது, நாடியைத் தேடிக் காலம் போக்காது, நோயாளர் விடையளிக்கிறாரா, சுவாசிக்கிறாரா, உடல் வெளிறிக் குளிர்ந்துள்ளதா எனப் பார்த்தல். இரண்டாவது, இடது மார்பின் கீழ்ப்புறம் காதையோ கேள்குழாயையோ வைத்துக் கேட்டல். வண்டின் ரீங்காரம் போன்ற ஒலி கேட்குமாயின் பம்பி சுழல்கிறது. மூன்றாவது, ஒலி இல்லையேல் வடமும் மின்கலமும் சரிவர இணைந்துள்ளனவா எனச் சோதித்தல். மின்கலங்களை மாற்றுங்கால் ஒவ்வொன்றாகவே மாற்றல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கழற்றுதல் உயிருக்கே ஆபத்தாம். ஆடையைக் கத்தரிக்கும்போது வடம் வெட்டுப்படாது காத்தலும் அவசியம்.

நினைவும் இயல்பான சுவாசமும் அற்று, பம்பியும் நின்று, மீண்டும் இயங்காதாயின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தயங்காது செய்தல் வேண்டும். பம்பி இடம்பெயரும் என்னும் அச்சத்தால் முன்னர் பலர் இதனைத் தவிர்த்தனர். அமெரிக்க இருதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கை அத்தயக்கத்தை நீக்கிற்று. மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் தரலாம். ஒட்டுத்தகடுகள் பம்பியின் நேர்மேலே அமையாதிருத்தல் வேண்டும். தானியங்கிக் குருதியமுக்கக் கருவியும் விரலில் மாட்டும் ஒட்சிசன்மானியும் இவரிடத்துப் பிழையான அளவு காட்டக்கூடும். பம்பி சுழன்றும் மயக்கம் தெளியாதாயின் பக்கவாதம், உட்குருதிப்பெருக்கு, சர்க்கரைக் குறைவு ஆகியவற்றை ஐயுறல் தகும். குருதி உறையாதிருக்க மருந்துண்பவராதலின் இவருக்குச் சிறுகாயமும் பெருங்கேடாகலாம்.

வைத்தியசாலைக்கு அனுப்புகையில் மாற்று மின்கலங்களும் மாற்றுக் கருவியும் அடங்கிய பையையும், பயிற்சி பெற்ற உறவினர் ஒருவரையும் உடன் அனுப்புதல் இன்றியமையாதது. பம்பி பொருத்திய நிலையத்தின் தொலைபேசி எண் அப்பையிலேயே இருத்தல் நன்று.

மலைநாட்டுக்குரிய இடர் ஒன்றுண்டு. மின்கலம் மின்சாரமின்றி நிறைவதில்லை. 2022இல் நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மண்சரிவால் பாதைகளைத் துண்டித்து, மின்சாரத்தையும் நிறுத்திற்று. ஆகலின் இத்தகையவர் வருமுன்னரே தோட்ட மருந்தகத்துக்கும் அண்மை வைத்தியசாலைக்கும் அறிவித்தலும், மின்பிறப்பாக்கி உள்ள இடத்தைத் தெரிந்துவைத்தலும் குடும்பத்தார் கடன்.

கல்லூரியிற் கற்ற விஞ்ஞானம் பரீட்சையோடு முடிவதன்று. அயலவர் ஒருவரின் நெஞ்சிற் காது வைத்து, அவர் உயிரோடிருக்கிறார் எனத் துணிந்து கூறும் அறிவாக அது மலர்தல் வேண்டும். மாணவர்காள், நாடி இல்லையென்று கைவிடற்க. முதலில் ஒலியைக் கேண்மின்.