சுட வைத்தால் கிருமி சாகும், விஷம் சாகுமா?

மத்தியானச் சொதியை ராத்திரி சாப்பிடுகிறவர்கள் கவனிக்க!

கல்யாணம் முடிந்த மறுநாள். மறுவீட்டு விருந்து. நெல்லைச் சீமையில் அன்றைக்கு மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு போடாவிட்டால் சம்பந்தி முகம் சுளிப்பார்.

காலை 11 மணிக்கே தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி தயார். பந்தி முடிய மணி 3. மிச்சம் தூக்குவாளியில் ஏறுகிறது. ராத்திரி 8 மணிக்குப் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் இறங்குகிறது.

"லேசா வாடை வருதே, மைனி?"

"ஒண்ணும் ஆவாது. நல்லாத் தளதளன்னு கொதிக்க வச்சிரு. சூடு பட்டா எல்லாம் செத்துப்போவும்!"

இந்தப் பேச்சு இல்லாத வீடு ஏது? ஓட்டல் அடுப்படியிலும் இதே கதைதான். மைனி சொன்னதில் பாதி உண்மை. கொதித்தால் கிருமி சாகும். ஆனால், சாகுமுன் அது கக்கி வைத்த விஷம்? அதில்தான் இருக்கிறது சங்கதி!

20 நிமிஷத்துக்கு இரட்டை

பாக்டீரியா என்ற கிருமிக்கு வேண்டியது மூன்று. ஈரம், சாப்பாடு, இதமான சூடு. மூன்றும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். ஒரு கிருமி 1 மணி நேரத்தில் 8. நாலு மணி நேரத்தில் 4,096. ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேல்!

5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ். இதுதான் அதற்குப் பிடித்த சூடு. சித்திரை வெயிலில் நெல்லை அடுப்படி எத்தனை டிகிரி என்று சொல்லவும் வேண்டுமா?

கல்கத்தா டாக்டர் கண்ட உண்மை

கிருமி வேறு, விஷம் வேறு என்பதைக் காலராவில் நிரூபித்தவர் ஓர் இந்தியர். கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே.

1884-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில் காலரா கிருமியைப் பிடித்துக் காட்டினார். அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது மட்டும் பல்லாண்டு காலம் பிடிபடவில்லை.

டாக்டர் டே கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டினார். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்தத் திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். குடலில் நீர் கோத்து உப்பிவிட்டது! கிருமி இல்லாமலே விஷம் வேலை செய்தது. 1959-ல் உலகத்துக்கு இதை அறிவித்தார்.

காலரா விஷமாவது கொதித்தால் அழிந்துவிடும். கொதித்தாலும் அழியாத கில்லாடிகள் உண்டு.

லண்டன் சோறு

1971-ல் லண்டனில் சீன ஓட்டல்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தார்கள். என்ன ஏது என்று துருவினார்கள். முதல் நாளே சோற்றை வடித்து, இரவு முழுக்க வெளியே வைத்து, மறுநாள் எண்ணெயில் வறுத்துக் கொடுத்தது தெரிந்தது.

குற்றவாளியின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணிலும் அரிசியிலும் இருக்கும் கிருமி. இதன் வித்து சோறு வேகும்போதும் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்து, பெருகி, விஷத்தைக் கக்கும். அந்த விஷம் பிரஷர் குக்கர் சூட்டையும் தாங்கும். வறுத்தால் என்ன, பொரித்தால் என்ன?

இன்னொன்று ஸ்டெஃபைலோகாக்கஸ். சுமார் மூன்றில் ஒருவர் மூக்கில் இது சும்மா குடியிருக்கிறது. விரலில் சீழ்ப்புண் உள்ளவர் கோவாவை உருட்டினாலோ, மூக்கைத் தொட்ட கையோடு சாதம் பிசைந்தாலோ அது உணவில் இறங்கிவிடும். சில மணி நேரத்தில் விஷம் தயார். கொதிக்க வைத்தாலும் போகாது.

மீனும் விதிவிலக்கல்ல. தூத்துக்குடியில் இருந்து வரும் சூரை மீனை ஐஸ் இல்லாமல் போட்டு வைத்தால் அதில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும். "மீன் எனக்கு ஒத்துக்கல" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, வெயிலில் கிடந்த நேரம்!

பறிபோன உயிர்கள்

இது வெறும் வாந்தியோடு போகிற சமாசாரம் அல்ல. 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி பலியானார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

ஷவர்மாவோடு தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் மீதும் கண் விழுந்தது. பச்சை முட்டையில் அடித்த மயோனைசை அடுப்பில் வைப்பதே இல்லை. முட்டையில் சால்மொனெல்லா இருந்தால் அப்படியே வயிற்றுக்குள் போகும். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை விதித்தது.

அல்வா மட்டும் ஏன் கெடுவதில்லை?

டவுண் கீழ ரத வீதியில் வாங்கிய அல்வா பம்பாய்க்கு ரெயிலில் போய்ச் சேர்ந்தாலும் கெடாமல் இருக்கிறதே, எப்படி?

ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர் காரணம் என்பார்கள். கெடாமல் இருப்பதற்குக் காரணமோ தண்ணீர் இல்லாததுதான்! கோதுமைப்பாலைக் கிண்டக் கிண்ட ஈரம் வற்றுகிறது. மிச்ச ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காத கிருமி எப்படிப் பெருகும்? ஈரக் கரண்டியை விட்டால் மட்டும் அந்தக் காவல் போச்சு.

சொதியில் ஈரமும் உண்டு, சத்தும் உண்டு. கிருமிக்கு அதுவே மறுவீட்டு விருந்து!

ஆற்றுத் தண்ணீர்

தாமிரபரணி விஷயம் வேறு. பொதிகையில் தெளிவாகப் பிறக்கும் ஆறு நெல்லையைத் தொடும்போது சாக்கடையும் சேர்கிறது. 2024 நவம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். சாக்கடை வழியாக வரும் வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கொதி கொன்றுவிடும். எனவே தண்ணீருக்கு மைனி சொன்ன வைத்தியம் சரியே. பழைய குழம்புக்குத்தான் அது பலிக்காது.

என்ன செய்யலாம்?

சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். அதாவது ஆவி பறக்கட்டும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். பெரிய அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். ஒருமுறைதான் சுட வைக்கலாம். ஓரத்தில் மட்டும் அல்ல, நடுவிலும் கொதிக்க வேண்டும். கையில் புண் இருப்பவரைப் பரிமாற விடாதீர்கள்.

முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். விஷத்துக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது.

வாந்தி பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே ஆரம்பியுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை துவண்டாலோ நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.

தூக்குவாளி வந்து இறங்கினால் அடுப்பைத் தேடாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். "எத்தனை மணிக்கு இறக்குன சொதி, மைனி?" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

கொட்டினால் போவது ஒரு வாளிச் சொதி. கொட்டாவிட்டால்?